ஆள் போனார், நிழல் போகவில்லை: படத்தில் வேண்டாததை அழிக்கும்போது வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

கும்பகோணத்தில் ஒரு சிறிய ஸ்டூடியோவில் படத்திருத்த வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் முழுப் படத்தைக் கொடுத்து, "ஓரத்தில் நிற்பவரை மட்டும் எடுத்துவிடுங்கள்" என்பார்கள். இப்போது வீட்டிலேயே செல்போனில் அழித்துப் பார்த்துவிட்டு, பாதி சரியாகி பாதி கெட்டுப்போன படத்தோடு வருகிறார்கள். அவர்கள் சொல்லும் குறைகளை ஒரு நோட்டில் எழுதி வந்தேன். எத்தனை படம் வந்தாலும் குறைகள் ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. பெரும்பாலானவற்றை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். ஸ்டூடியோவுக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டிய கட்டமும் உண்டு. அது எது என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன். உங்கள் படத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடுங்கள்.

எதைத் தொடுவதற்கும் முன்னால்

நீங்கள் திருத்தப்போவது கேமராவில் எடுத்த மூலப் படமா, வாட்ஸ்அப்பில் வந்த படமா என்று பாருங்கள். செல்போனில் படத்தின் விவரங்களைத் திறந்தால் பிக்சல் அளவு தெரியும். 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 4000க்கு 3000 என்ற அளவில் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படமென்றால் நீளப் பக்கமே சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கியிருக்கும். சுருங்கிய படத்தில் எந்தக் கருவியும் திணறும். எடுத்தவரிடம் சொல்லி 'டாகுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அந்த வழியில் வந்தால் அளவு குறையாது.

அடுத்து, ஒரு நகல் எடுத்துக்கொண்டு நகலில் மட்டும் கை வையுங்கள். தாத்தாவின் கடைசிப் படத்தில் எதையோ அழித்து, அதன் மேலேயே சேமித்துவிட்டு, பழையதை மீட்க முடியுமா என்று ஒரு பேரன் வந்து நின்றார். என்னால் உதவ முடியவில்லை. அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

அறிகுறி: ஆள் போய்விட்டார், ஆனால் ஏதோ உறுத்துகிறது

அதிகமாக வருவது இதுதான். கடற்கரையில் பின்னால் நடந்தவர் போய்விட்டார். மணலில் அவர் நிழல் மட்டும் கிடக்கிறது. கல்யாண மேடையில் வீடியோக்காரரின் விளக்குக் கம்பத்தை அழித்தாயிற்று. பளபளக்கும் தரையில் அதன் பிம்பம் நிற்கிறது. மண்டப வாசலில் நின்ற பைக் மறைந்தது. கண்ணாடிக் கதவில் அதன் சாயல் மிச்சம். பார்ப்பவருக்கு என்னவென்று சொல்லத் தெரியாது, ஆனால் இந்தப் படத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று மனதில் பட்டுவிடும்.

தூரிகை ஓரத்தை ஒட்டிப் போயிருக்கிறதா?

பலர் உருவத்தின் விளிம்புக்கு வெளியே போய்விடாமல் மிகக் கவனமாகத் தேய்க்கிறார்கள். இங்கே அந்தக் கவனமே கெடுதல். ஓரத்தில் மிஞ்சும் முடிக்கற்றை, சட்டை விளிம்பு, செருப்பு நுனி எல்லாம் கறையாக நிற்கும், அல்லது கருவியைக் குழப்பும். உருவத்தைச் சுற்றி நாலாபுறமும் கொஞ்சம் வெளியே தள்ளித் தாராளமாகப் பூசுங்கள். தானாகவே ஆளைக் கண்டுபிடித்துக் கோடு போடும் கருவிகளில், அந்தக் கோட்டுக்கு வெளியே கைப்பை, குடை, கையில் பிடித்த செல்போன் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நிழல் எந்தப் பக்கம் விழுகிறது?

படத்தில் மிஞ்சியிருக்கும் ஒருவரின் நிழலைப் பாருங்கள். வெயிலில் எடுத்த படத்தில், அழித்தவரின் நிழலும் அதே பக்கம்தான் விழுந்திருக்கும். மாலை வெயிலில் அது ஆளைவிட நீளமாகப் போயிருக்கும். நாம் காலடியோடு நிறுத்திவிடுகிறோம். ஒரே தடவையில் ஆளையும் நிழலையும் சேர்த்துப் பூசுவது நல்லது. ஆளை அழித்துவிட்டு நிழலுக்குத் தனியாக வந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு தையல் தெரியும். சாம்சங் போனின் ஆப்ஜெக்ட் இரேசரில் நிழலை அழிக்க ஒன்றும் பிம்பத்தை அழிக்க ஒன்றுமாகத் தனிப் பொத்தான்களே உண்டு. பலர் அவற்றைக் கவனித்ததே இல்லை.

நிழல் இன்னொருவர் மேல் விழுந்திருக்கிறதா?

அழிக்க முயலாதீர்கள். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டைமேல் விழுந்த நிழலை அழித்தால் சட்டையின் மடிப்பும் பொத்தானும் சேர்ந்து போய்விடும். அந்த இடத்தை மட்டும் வெளுப்பாக்க வேண்டும். ஸ்னாப்சீட் என்ற இலவசச் செயலியில் 'செலக்டிவ்' கருவியை அந்த இடத்தில் வைத்து வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். நிழலின் ஓரம் மங்கலாக இருந்தால் அதுவே போதும். ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருந்தால் ஸ்டூடியோ வேலை.

சரியாகிவிட்டதா என்று பார்க்க நான் செய்வது மூன்று. படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பேன். பழகிப்போன கண்ணுக்கு மறைந்திருந்த தவறு அப்போது குதித்து வெளியே வரும். பிறகு கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பேன். கடைசியாக கான்ட்ராஸ்டை முழுதாக ஏற்றிப் பார்ப்பேன். ஆகாயத்திலும் சுவரிலும் ஒளிந்திருக்கும் திட்டுகள் அதில் தப்பாது. பார்த்து முடித்ததும் பழைய நிலைக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம்.

அறிகுறி: அழித்த இடத்தில் வேறு ஏதோ முளைத்திருக்கிறது

ஒருவரை அழித்தால் அங்கே முன்பின் தெரியாத இன்னொருவர் நிற்கிறார். நாற்காலியை அழித்தால் ஸ்டூல் வருகிறது. குப்பைத்தொட்டி இருந்த இடத்தில் பூந்தொட்டி. புதிதாக வரைந்து நிரப்பும் கருவிகளில் மட்டும் இது நடக்கும். பக்கத்துப் பரப்பை எடுத்து ஒட்டும் பழைய வகைக் கருவிகளில் நடக்காது.

முதல் காரணம் மிச்சம். நாற்காலியை அழித்தவர் அதில் கிடந்த துண்டை விட்டிருப்பார். ஆளை அழித்தவர் அவர் பிடித்திருந்த குழந்தையின் கையை விட்டிருப்பார். துண்டு தொங்க ஒன்று வேண்டுமே, கை பிடிக்க ஒருவர் வேண்டுமே என்று கருவி அதற்கேற்ப ஒன்றை வரைந்துவிடுகிறது. அழிக்கும் பொருளைத் தொட்டுக்கொண்டிருப்பவை அனைத்தையும் சேர்த்துப் பூசுங்கள்.

இரண்டாவது காரணம் நாம் எழுதும் கட்டளை. எழுத்துப்பெட்டி தரும் கருவிகளில் "நாற்காலி வேண்டாம்" என்று எழுதினால், அதிலுள்ள நாற்காலி என்ற சொல்லே அதை அங்கு இழுத்து வந்துவிடலாம். தேர்ந்தெடுத்த இடத்தைப் புதிதாக வரைந்து நிரப்பும் போட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில்லில் பெட்டியைக் காலியாக விட்டு 'ஜெனரேட்' அழுத்துங்கள். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் அங்கே இருக்க வேண்டியதை எழுதுங்கள்: வெறும் சிமென்ட் தரை, வெள்ளைச் சுவர்.

மூன்றாவது, அழிக்கும் இடம் மிகப் பெரிதாக இருப்பது. படத்தில் மூன்றில் ஒரு பங்கை அழித்தால் கருவிக்குப் பார்த்து எழுதச் சுற்றுப்புறமே இல்லை. பின்னணிக்குப் பக்கமாக இருக்கும் ஓரத்திலிருந்து தொடங்கி இரண்டு மூன்று தவணையாக உள்ளே வாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் முளைத்தால் கருவியை மாற்றுங்கள். வெறும் சுவர், ஆகாயம், மணல் போன்ற பின்னணிக்குப் புதிதாக வரையும் கருவியே தேவையில்லை. ஸ்னாப்சீடின் 'ஹீலிங்' போதும். அது பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான் நிரப்பும். விரல்களால் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு சிறு சிறு தொடுதலாகச் செய்தால் இன்னும் சுத்தமாக வரும்.

பின்னணியில் இருக்கும் ஆரஞ்சு நிற வாளிதான் உறுத்துகிறது என்றால் அதை அழிக்கவே வேண்டாம். கூகுள் போட்டோஸின் மேஜிக் இரேசரில் 'கமுஃப்ளாஜ்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. பொருளை அங்கேயே விட்டுவிட்டு அதன் நிறத்தை மட்டும் சுற்றுப்புறத்தோடு கலக்கச் செய்யும். அழித்துக் கெடுப்பதைவிட அடக்கி வைப்பது எத்தனையோ படங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அறிகுறி: அழித்த இடம் கூழாகத் தெரிகிறது

சுற்றிலும் புல் இருக்கிறது, நடுவே பச்சை மெழுகு. இரவில் எடுத்த படமென்றால் சுற்றிலும் பொடிப்புள்ளிகள். நடுவே மட்டும் வழுவழுவென்ற திட்டு.

பகல் படமென்றால் ஒரே இழுப்பில் பெரிய இடத்தை அழித்திருப்பீர்கள், அல்லது சரியாக வரவில்லையே என்று அதே இடத்தின் மேல் ஐந்தாறு முறை தேய்த்திருப்பீர்கள். ஒவ்வொரு தேய்ப்பும் முந்தைய கூழிலிருந்து எடுத்து மேலும் கூழாக்கும். முழுக்கப் பின்வாங்கி, மூலப் படத்திலிருந்து சிறு துண்டுகளாகத் தொடங்குங்கள். இரண்டு முறைக்கு மேல் ஒரே இடத்தைத் தொடாதீர்கள். மூன்றாவது தேவைப்பட்டால் பின்வாங்கித் தூரிகையின் அளவை மாற்றுங்கள்.

இரவுப் படமென்றால் அழித்தது சரிதான், புள்ளிகள்தான் இல்லை. போட்டோஷாப்பில் திருத்தத்தைத் தனி லேயரில் (படத்தின் மேல் விரிக்கும் தனி அடுக்கில்) செய்து, அந்த லேயருக்கு மட்டும் 'ஆட் நாய்ஸ்' கொடுங்கள். ஒன்றிலிருந்து மூன்று சதவீதம் போதும். 'மோனோக்ரோமேட்டிக்' பெட்டியில் குறியிடுங்கள். செல்போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் படம் முழுவதற்கும் லேசாக 'கிரெய்ன்' சேர்த்துவிடுங்கள். திட்டும் சுற்றுப்புறமும் ஒன்றாகிவிடும்.

அறிகுறி: கோடுகள் உடைந்திருக்கின்றன

இங்கேதான் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்னமும் அதிகம் தடுமாறுகின்றன. எங்கள் ஊர்ப் படங்களில் கோடுகளுக்கும் பஞ்சமில்லை.

மின்கம்பி

ஆகாயத்தின் குறுக்கே போகும் கம்பியை அழிப்பது எளிது. அதே கம்பி கோபுரத்தின் மேலும் போகும்போதுதான் சிக்கல். ஒரே இழுப்பில் முழுக் கம்பியையும் பூசினால் ஆகாயத்தின் நீலம் கோபுரத்துக்குள் கசியும், அல்லது சிலைகளின் தலை காணாமல் போகும். கம்பியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆகாயப் பகுதியை முதலில் அழித்து, கோபுர விளிம்புக்குச் சற்று முன்னாலேயே நிறுத்துங்கள். கோபுரத்தின் மேல் இருப்பதைப் பெரிதாக்கி, கம்பியின் அளவே உள்ள மெல்லிய தூரிகையால் அங்குலம் அங்குலமாக அழியுங்கள். விளிம்பைக் கடக்கும் அந்தச் சிறு துண்டைக் கடைசியில் தொடுங்கள். போட்டோஷாப்பின் ரிமூவ் கருவியில் கம்பிகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி 2024 அக்டோபர் பதிப்பில் வந்தது. ஆகாயத்துக்கு அது நேரத்தை மிச்சப்படுத்துகிறது. கோபுரத்தின் மேல் நான் கையால்தான் செய்கிறேன்.

கோபுரப் படத்தில் வேலை முடிந்ததும் கலசங்களை எண்ணுங்கள், நிலைகளையும் எண்ணுங்கள். இது விளையாட்டுப் பேச்சல்ல. சாரங்கபாணி கோயிலின் ராஜகோபுரம் 11 நிலை என்பது எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு கருவி கம்பியோடு ஒரு கலசத்தையும் விழுங்கிவிட்ட படம், பெரிதாக அச்சாகி ஒரு கடையின் சுவரில் மாட்டும் வரை போய்விட்டது. திருத்தியவர் பார்க்கவில்லை, கடைக்கு வந்த ஒரு பெரியவர் முதல் பார்வையில் கண்டுபிடித்தார்.

தரை ஓடும் ஜன்னல் கம்பியும்

மொசைக் தரையில் நின்ற ஆளை அழித்தால் ஓடுகளின் இணைப்புக் கோடு வளைந்து, பாதியில் நின்று, வேறு இடத்தில் தொடங்கும். முதலில் கோட்டின் போக்கிலேயே தேய்த்துப் பாருங்கள், குறுக்கே வேண்டாம். அப்படியும் சரியாகவில்லையென்றால் தானியங்கிக் கருவியை மூடிவிட்டு, படத்தின் ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து இன்னோரிடத்தில் பூசும் க்ளோன் ஸ்டாம்ப் கருவியை எடுங்கள். போட்டோஷாப்பில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு நல்ல ஓட்டின் கோடு சந்திக்கும் மூலையைத் தொட்டு, கெட்ட ஓட்டின் அதே மூலையில் வையுங்கள். மூலைக்கு மூலை பொருந்திவிட்டால் மற்றது தானே பொருந்தும். தூரம் போகப்போக ஓடு சிறிதாகும் படங்களுக்குப் போட்டோஷாப்பில் 'வேனிஷிங் பாயின்ட்', பணம் கொடுக்காமல் கிடைக்கும் கிம்ப்பில் 'பெர்ஸ்பெக்டிவ் க்ளோன்' இருக்கின்றன. கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் ஸ்டூடியோவில் கொடுத்துவிடுங்கள். பழகிய கைக்கு இது அரைமணி நேர வேலைதான்.

புடவைக் கரை, கோலம்

பட்டுப்புடவையின் கரைமேல் கிடந்த ஒரு பூவிதழை அழித்தால் கரையின் அன்னம் அன்னமாக இருக்காது. ஏதோ ஒரு பூச்சி நெளியும். கோலத்தில் புள்ளிக்கணக்கு தப்பும். இரண்டிலும் வழி ஒன்றே. அதே கரை, அதே கோலம் படத்தில் வேறெங்காவது கெடாமல் இருக்கும். அங்கிருந்து க்ளோன் எடுங்கள். எங்குமே முழுதாகத் தெரியவில்லை என்றால் பூவிதழ் அங்கேயே இருக்கட்டும். கல்யாணப் படத்தில் பூவிதழ் கிடப்பது குறையே அல்ல.

அறிகுறி: பக்கத்தில் நின்றவரை அழித்ததும் நம்மவரின் தோள் சிதைந்துவிட்டது

இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

வீட்டில் ஒருவர் இறந்ததும் படம் தேடுவார்கள். தனிப்படம் இருக்காது. ஏதோ ஒரு கல்யாணத்தில் நண்பரோடு தோளில் கைபோட்டு, சிரித்தபடி நிற்கும் படம்தான் கிடைக்கும். பத்தாம் நாளுக்குள் மாலை போட ஃப்ரேம் வேண்டும், அஞ்சலி பேனர் வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் இரவெல்லாம் விழித்திருந்து செல்போனில் அந்த நண்பரை அழிக்கப் பார்ப்பார். நண்பர் போவார்; தோளில் கிடந்த கை மட்டும் விரல்களாக நிற்கும். கையை அழித்தால் அப்பாவின் தோள் சரியும், காலர் கரையும், கழுத்து தடிக்கும். அந்த நிலையில் என்னிடம் வருகிறவர்களின் கண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத நினைத்தேன்.

முதலில் அழிக்காமல் முடியுமா என்று பாருங்கள். தோளுக்கு மேலே, கழுத்தை ஒட்டி வெட்டினால் கை வெளியே போய்விடுமா? பல படங்களில் போய்விடும். ஃப்ரேமில் மாலையும் விழும் என்பதால் தோள் எப்படியும் மறையும்.

வெட்டினாலும் விரல்கள் தெரிகின்றன என்றால், விரலுக்கு அடியில் இருப்பது என்ன துணி என்று பாருங்கள். ஒரே நிற வெள்ளைச் சட்டையா? மெல்லிய தூரிகையால் ஒரு ஒரு விரலாக, விரல் நுனியிலிருந்து வெளிப்பக்கமாக அழியுங்கள். கை முழுவதையும் ஒரே பூச்சில் எடுக்காதீர்கள். கட்டம் போட்ட சட்டையோ கோடு போட்ட சட்டையோ என்றால் கருவியால் ஆகாது. மறுபக்கத் தோள் முழுதாகத் தெரிகிறதா? அதை நகலெடுத்து இடவலமாகத் திருப்பி இந்தப் பக்கம் வைப்பதுதான் எங்கள் கடையின் வழக்கம். ஒளி வந்த பக்கம் மாறுவதால் திருப்பிய தோளைக் கொஞ்சம் கருக்கவோ வெளுக்கவோ வேண்டியிருக்கும். சட்டைப் பை எந்தப் பக்கம் இருந்தது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

இரண்டு தோளும் கெட்டிருந்தால், அதே மனிதரின் வேறொரு படத்திலிருந்து கழுத்துக்குக் கீழே எடுத்துப் பொருத்த வேண்டும். இந்தக் கட்டத்தில் நிறுத்திவிட்டுத் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் தோலின் நிறம், தலையின் சாய்வு, படம் எடுத்த உயரம் மூன்றும் பொருந்தியாக வேண்டும். ஒன்று பொருந்தாவிட்டாலும் அம்மா கண்டுபிடித்துவிடுவார், தினமும் அதைப் பார்த்து வருந்துவார்.

மூலம் காகிதப் படமென்றால் அதை செல்போனில் படம் பிடித்துக் கொண்டுவராதீர்கள். காகிதத்தையே கொண்டுவாருங்கள். நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2400க்கு 3600 பிக்சல் கிடைக்கும்; நல்ல ஃப்ரேமுக்கு அது போதும். மேலே ட்யூப்லைட் பிரதிபலித்த செல்போன் படத்தை வைத்துக்கொண்டு யாராலும் அதைச் செய்ய முடியாது.

அறிகுறி: முகம் மாறிவிட்டது

முகத்துக்குப் பக்கத்தில் எதையோ அழித்தால் மூக்குத்தி போய்விட்டது, மச்சம் மறைந்துவிட்டது, நெற்றியின் திருநீறு கலைந்துவிட்டது. தூரிகை முகத்தைத் தொட்டிருக்கிறது; அதைவிட வேறு காரணம் தேட வேண்டாம். பின்வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, முகத்தின் விளிம்புக்கு வெளியேயே நிறுத்துங்கள். இங்கு மட்டும், தாராளமாகப் பூசுங்கள் என்று மேலே சொன்னதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். மூக்குக்கண்ணாடியில் விழுந்த ஃபிளாஷ் வெளிச்சத்தைப் புதிதாக வரையும் கருவியால் அழிக்கவே கூடாது. அது கண்ணை வரைந்துகொடுக்கும், ஆனால் அது அவர் கண்ணாக இருக்காது. அதே நேரத்தில் எடுத்த அடுத்த படத்தில் கண் தெரிந்தால் அங்கிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

ஐபோனில் கிளீன் அப் கருவியால் தேய்த்ததும் முகம் சதுரம் சதுரமாகிவிட்டது என்று பதறி வருகிறார்கள். அது கோளாறல்ல. முகத்தின் மேல் மட்டும் தேய்த்தால், அடையாளத்தை மறைக்கக் கேட்கிறீர்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. பின்வாங்கி, ஆளை முழுதாகச் சுற்றி வட்டம் போடுங்கள்.

அறிகுறி: திரையில் அழகு, பிரின்டில் அசிங்கம்

செல்போன் திரை ஐந்தாறு அங்குலம். அதில் தெரியாதது பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் தெரிந்தே தீரும். அந்த அளவுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்குப் போட்டால் 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். 200 என்று குறைத்துக்கொண்டாலும் 2400க்கு 3600.

அழிப்பதற்கு முன்பும் பின்பும் படத்தின் பிக்சல் அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்திருந்தால் சேமிக்கும் இடத்தில்தான் போயிருக்கிறது. சில இணையக் கருவிகளில் இலவசமாகத் தரவிறக்கும் படம் சிறிதாகவே வரும். புதிதாக வரைந்து நிரப்பும் சாம்சங்கின் ஜெனரேட்டிவ் எடிட்டில் சேமித்தால் படம் 12 மெகாபிக்சலுக்குள் சுருங்கலாம், படத்தின் மேல் ஓர் அடையாளக் குறியும் விழும் என்று அந்த நிறுவனமே அறிவித்திருக்கிறது. பேனர் அடிக்கும் படத்துக்கு அதே போனில் உள்ள ஆப்ஜெக்ட் இரேசரை முயன்று பாருங்கள்.

அளவு குறையவில்லை, ஆனால் அழித்த இடம் மட்டும் மங்கலாக இருக்கிறது என்றால் காரணம் வேறு. போட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில் 2023இல் வந்தபோது ஒரு தடவைக்கு 1024க்கு 1024 பிக்சல் அளவில்தான் வரைந்தது. தேர்ந்தெடுத்த இடம் அதைவிடப் பெரிதென்றால் இழுத்து நீட்டி நிரப்பியது. இப்போது தரம் கூடியிருக்கிறது. ஆனாலும் பெரிய இடத்தை ஆயிரம் பிக்சலுக்குள் அடங்கும் துண்டுகளாகப் பிரித்துச் செய்யும் பழக்கத்தை நான் விடவில்லை. அச்சில் வித்தியாசம் தெரிகிறது.

பெரிய அச்சுக்குப் போகும் முன், திருத்திய பகுதியை மட்டும் அதே அளவு வரும்படி வெட்டி ஒரு சிறிய தாளில் அடித்துத் தரச் சொல்லுங்கள். சில ரூபாய் செலவு. கேன்வாஸில் அடித்தபின் வருந்துவதைவிட மேல்.

அறிகுறி: கருவியே இல்லை, அல்லது சுற்றிக்கொண்டே இருக்கிறது

செயலியைப் புதுப்பியுங்கள், போனில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு இத்துடன் தீர்ந்துவிடும். மேஜிக் இரேசர் 2021இல் பிக்சல் 6 போனோடு வந்தது. 2024 மே முதல் கூகுள் போட்டோஸ் வைத்திருப்பவர்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டு 8க்கும் ஐஓஎஸ் 15க்கும் கீழே இருந்தால் கிடைக்காது. 3 ஜிபி ரேம் வேண்டும். ஐபோனின் கிளீன் அப் ஐஓஎஸ் 18.1 பதிப்பில் வந்தது. 15 ப்ரோ, 15 ப்ரோ மேக்ஸ், 16 வரிசையிலும் அதற்குப் பிந்தையவற்றிலும்தான் வேலை செய்யும். முதல்முறை தொடும்போது தரவிறக்கம் ஆகும், வைஃபையில் இருந்துகொள்ளுங்கள். சாம்சங் ஜெனரேட்டிவ் எடிட்டுக்கு இணையமும் சாம்சங் கணக்கும் வேண்டும். தரவுகளைப் போனிலேயே கையாள வேண்டும் என்ற அமைப்பை யாராவது இயக்கி வைத்திருந்தால் அது திறக்காது. இதற்காகப் புதுப் போன் வாங்க வேண்டியதில்லை. ஸ்னாப்சீட் பழைய போனிலும் ஓடும், படத்தையும் வெளியே அனுப்பாது.

அந்த "வெளியே" முக்கியம். பெயர் தெரியாத இணையத்தளத்தில் குழந்தைகளின் படத்தையும் வீட்டுப் பெண்களின் படத்தையும் ஏற்றாதீர்கள்.

அழிக்கும் முன் நிறுத்த வேண்டிய படங்கள்

பாஸ்போர்ட், விசா படங்கள்: மென்பொருளால் திருத்தியதை ஏற்க மாட்டார்கள். பின்னணியில் நிழல் விழுந்தால் புதிதாக எடுப்பதே மலிவு.

விபத்து, காப்பீடு, நிலத் தகராறு: சிறு குப்பையைக் கூட அழிக்காதீர்கள். வண்டி எண் தெரிகிறது, பக்கத்து வீட்டுக்காரர் தெரிகிறார் என்று அழித்துவிட்டுக் கொடுத்தால் மொத்தப் படமும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இன்னொரு புகைப்படக்காரரின் வாட்டர்மார்க்: நான் செய்வதில்லை. காப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 65பி பிரிவின்படி, உரிமையைக் காட்டும் தகவலை அனுமதியின்றி அறிந்தே அகற்றினால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. எடுத்தவருக்கு ஒரு போன் செய்து கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

செய்தித்தாளுக்கோ போட்டிக்கோ அனுப்பும் படம்: நார்சிசோ கான்ட்ரேராஸ் என்ற புகைப்படக்காரர் 2013இல் புலிட்சர் பரிசு பெற்ற அசோசியேட்டட் பிரஸ் குழுவில் ஒருவர். சிரியாவில் அவர் எடுத்த ஒரு படத்தின் மூலையில் சக பத்திரிகையாளரின் வீடியோ கேமரா கிடந்தது. அதை அழித்துவிட்டு அனுப்பினார். 2014 ஜனவரியில் அந்த நிறுவனம் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. அவருடைய ஏறத்தாழ 500 படங்களைச் சோதித்ததில் வேறெதிலும் திருத்தம் இல்லை. அந்த ஒரு மூலைக்காகத்தான் வேலை போனது. உள்ளூர்த் திருவிழாப் படத்தைப் பத்திரிகைக்கு அனுப்பும் இளைஞர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டூடியோவுக்கு வரும்போது

பென்டிரைவில் மூலப் படத்தையும், நீங்கள் திருத்திப் பார்த்ததையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். திருத்தியதைப் பார்த்தால்தான் உங்களுக்கு என்ன வேண்டும் என்பது எங்களுக்குப் புரியும். எதை அழிக்க வேண்டும் என்று ஒரு நகலில் வட்டம் போட்டுவிடுங்கள். எந்த அளவில் அச்சடிக்கப் போகிறீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். அதே மனிதரின் வேறு படங்கள் இரண்டு மூன்று இருந்தால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும் எடுத்து வாருங்கள். காது எப்படி இருந்தது, தோள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள அவை வேண்டும்.